கெர்னலுக்குள்ள புதுசா ஒரு ஃபைல் சிஸ்டம் கால்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சிஸ்டம் கால் பத்தி எழுதியிருந்தோம். ஒரு ப்ரோக்ராம் டிஸ்க்ல இருக்கிற ஃபைலை நேரா தொட முடியாது, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல்கிட்ட கேட்டுத்தான் வாங்கணும், அப்படிக் கேக்கிற வாசல்தான் சிஸ்டம் கால்னு. அதைப் படிச்சுட்டு நிறைய பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கீங்க, ஃபைலைத் தொடுற மாதிரி புதுசா ஒண்ணு சேர்க்கணும்னா என்ன செய்யணும்னு. எல்லாத்துக்கும் லினக்ஸை வச்சே பதில் சொல்றேன், அதோட சோர்ஸ் திறந்து கிடக்கு, நான் சொல்றதை நீங்களே போய் சரிபாத்துக்கலாம்.

கேள்வி: அண்ணா, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம் படிக்கிறேன். ஓஎஸ் லேப்ல கெர்னல்ல ஒரு சிஸ்டம் கால் சேர்க்கச் சொல்லியிருக்காங்க. நெட்ல ஒரு பழைய டுட்டோரியலைப் பாத்து ஃபங்ஷன் எழுதி டேபிள்லயும் சேத்துட்டேன், ஆனா லிங்க் ஆகும்போது அப்படி ஒரு பேரே இல்லன்னு எர்ரர் வருது. சும்மா ஹலோ பிரிண்ட் பண்றதும் பிடிக்கல, ஃபைல் சம்பந்தமா உருப்படியா ஏதாவது செய்யணும். (கல்லூரி மாணவர், ஈரோடு)

பதில்: தம்பி, டுட்டோரியல் எழுதின காலத்துல அது சரிதான், நடுவுல கெர்னல் மாறிடுச்சு. 2018ல வந்த 4.17 வெர்ஷன்லேர்ந்து 64 பிட் எக்ஸ்86ல சிஸ்டம் கால் ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் தனித்தனியா வர்றதில்ல, யூசர் ப்ரோக்ராமோட ரெஜிஸ்டரெல்லாம் சேவ் ஆகியிருக்கிற ஸ்ட்ரக்ட்டோட பாயிண்டர் ஒண்ணுதான் வரும், அதுலேர்ந்து பிரிச்செடுக்கிற ரேப்பரை 'சிஸ்கால் டிஃபைன்'ங்கிற மேக்ரோதான் உண்டாக்குது. நீங்க மேக்ரோ இல்லாம ஃபங்ஷனை நேரா எழுதியிருப்பீங்க, அதான் லிங்கர் தேடுற பேரு கிடைக்கல. மேக்ரோ பேருக்குப் பின்னாடியே எத்தனை ஆர்க்யுமென்ட்டோ அந்த எண்ணை ஒட்டி எழுதணும், மூணுன்னா 'சிஸ்கால் டிஃபைன்3'. அதிகபட்சம் ஆறு.

தொட வேண்டிய இடம் அவ்வளவு ஒண்ணும் அதிகம் இல்ல. கோடை எஃப்எஸ் ஃபோல்டருக்குள்ள ஒரு புது ஃபைலா வச்சு அங்க இருக்கிற மேக்ஃபைல்ல ஒரு வரி சேருங்க. அப்புறம் ஆர்ச், எக்ஸ்86, என்ட்ரி, சிஸ்கால்ஸ்னு உள்ள போனா 64 பிட்டுக்கான டேபிள் இருக்கும், அதுல எண், ஏபிஐ வகை, பேரு, ஃபங்ஷன்னு நாலு காலம், 'காமன்'னு போட்டிருக்கிற வரிசையில கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணை எடுத்துக்கோங்க. சிஸ்கால்ஸ் ஹெடர்ல ப்ரோட்டோடைப் சேருங்க. லேபுக்கு இவ்வளவு போதும்.

எதைச் செய்றதுன்னு கேட்டா, ஒரு டைரக்டரி டிஸ்கிரிப்டர் (ஓபன் பண்ணின டைரக்டரிக்கு கெர்னல் கொடுக்கிற எண்), ஒரு பாத், ஒரு ஃபிளாக்ஸ், ஒரு அவுட்புட் பாயிண்டர், இந்த நாலையும் வாங்கி ஃபைலோட சைஸையும் ஓனரையும் ஒரு சின்ன ஸ்ட்ரக்ட்ல போட்டுக் கொடுக்கிற மாதிரி பண்ணுங்க. ஸ்டாட் கால் ஏற்கெனவே இதைத்தான் செய்யுது, ஆனா படிக்கிறதுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியல, ஏன்னா கெர்னல்ல எது எதுக்குப் பயப்படணுமோ அதெல்லாம் இந்த முப்பது நாப்பது வரிக்குள்ளயே வந்துடும். யூசர் கொடுத்த பாயிண்டரை நேரா தொடக்கூடாது, அவன் கெர்னலோட சொந்த அட்ரஸையே கொடுத்துட்டு அங்க எழுதுன்னு சொல்லலாம், அதனால 'காப்பி டு யூசர்' வழியாத்தான் போகணும், அது தோத்தா ஈ-ஃபால்ட்ங்கிற எர்ரரைத் திருப்பணும். பாத்தைத் தேட 'யூசர் பாத் அட்' இருக்கு, அது பாத் ஸ்ட்ரிங்கை ஒரே ஒரு தடவை கெர்னலுக்குள்ள காப்பி எடுத்துட்டு அந்தக் காப்பியை வச்சு வேலை செய்யும். நீங்களா ரெண்டு தடவை யூசர் மெமரியைப் படிச்சீங்கன்னா முதல் தடவை செக் பண்ணதுக்கும் ரெண்டாவது தடவை யூஸ் பண்றதுக்கும் நடுவுல இன்னொரு த்ரெட் அதை மாத்திடலாம், நிஜமாவே இந்த வகை ஓட்டைகள் கெர்னல்ல நிறைய வந்திருக்கு. தகவலை எடுக்க 'விஎஃப்எஸ் கெட் ஆட்ரிப்யூட்', முடிஞ்சதும் 'பாத் புட்', இதை மறந்தா ரெஃபரன்ஸ் கவுன்ட் இறங்காம அந்த ஃபைல் சிஸ்டத்தை அன்மவுண்ட் பண்ணவே முடியாமப் போகும். இன்னொண்ணு, அவுட்புட் ஸ்ட்ரக்டை முதல்லயே முழுசா ஜீரோ பண்ணிடுங்க, ஃபீல்டுகளுக்கு நடுவுல கம்பைலர் விடுற இடைவெளியில கெர்னல் ஸ்டாக்ல கிடந்த பழைய டேட்டா ஒட்டிக்கிட்டு யூசர்கிட்ட போயிடும்.

கெர்னலை உங்க லேப்டாப்ல நேரா போடாதீங்க, கெமுங்கிற எமுலேட்டர்ல ஒரு விர்ச்சுவல் மெஷின் வச்சு பூட் பண்ணுங்க. சி லைப்ரரிக்கு உங்க காலோட பேரு தெரியாது, அதனால 'சிஸ்கால்'ங்கிற பொதுவான ஃபங்ஷனுக்கு எண்ணைக் கொடுத்துக் கூப்பிடுங்க. தப்பான பாயிண்டர், இல்லாத பாத், தெரியாத ஃபிளாக், இது மூணையும் கொடுத்துப் பாத்துட்டு அப்புறம் சரியானதைக் கொடுங்க.

கேள்வி: ஓபன்னு ஒண்ணு யுனிக்ஸ் காலத்துலேர்ந்து ஓடிட்டிருக்கு. அப்புறம் ஓபன்அட், இப்ப ஓபன்அட்2. ஒரே வேலைக்கு எதுக்கு சார் மூணு? கெர்னல் தேவையில்லாம பெருக்குற மாதிரி இல்லையா? (சாஃப்ட்வேர் டெவலப்பர், சென்னை)

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திட்டிருந்தேன், ஏன்னா ஒரு சிஸ்டம் காலை எப்படி வடிவமைக்கணும்ங்கிறதுக்கு இந்த மூணைவிட நல்ல பாடம் கிடையாது.

ஓபனுக்கு 'லாக்/இன்று/அ.டிஎக்ஸ்டி'ங்கிற மாதிரி ஒரு பாத் கொடுக்கிறீங்க, கரன்ட் டைரக்டரியிலேர்ந்து தேடிப் போகும். கரன்ட் டைரக்டரிங்கிறது ப்ராசஸுக்கு ஒண்ணுதான், உள்ள இருக்கிற எல்லா த்ரெட்டுக்கும் பொது. ஒரு த்ரெட் வேற டைரக்டரிக்குப் போனா மத்ததெல்லாம் சேர்ந்து போயிடும். சரி, முழுப் பாத்தா கொடுக்கலாம்னா, நடுவுல இருக்கிற ஒரு டைரக்டரியை யாராவது ரீநேம் பண்ணிட்டு அதே பேருல வேற ஒண்ணை வச்சா நீங்க வேற எங்கயோ போய் நிப்பீங்க. இதுக்குத்தான் சோலாரிஸ்ல இருந்த யோசனையை எடுத்து 2006ல 2.6.16ல ஓபன்அட், எம்கேடிர்அட், அன்லிங்க்அட், ரீநேம்அட்னு 13 கால்களை ஒரே மூச்சுல சேத்தாங்க. டைரக்டரியை ஒரு தடவை ஓபன் பண்ணி டிஸ்கிரிப்டரா வச்சுக்கோ, அப்புறம் அதுலேர்ந்து தேடு, பேரு மாறினாலும் டிஸ்கிரிப்டர் அதே டைரக்டரியைத்தான் பிடிச்சிட்டிருக்கும். யுனிக்ஸ் மாதிரி ஓஎஸ்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸோட 2008 பதிப்புலயும் இது ஏறிடுச்சு.

ஆனா ஓபன்கிட்டேர்ந்து ஒரு பெரிய குறையை ஓபன்அட் அப்படியே வாங்கிக்கிச்சு. தனக்குத் தெரியாத ஃபிளாக் வந்தா ரெண்டுமே கண்டுக்காம விட்டுடும். இதனால என்ன ஆகும்னா, நாளைக்கு கெர்னல்ல பாதுகாப்புக்காக ஒரு புது ஃபிளாக் சேக்கறோம்னு வைங்க, அந்த ஃபிளாக்கோட எழுதின ப்ரோக்ராம் ஒரு பழைய கெர்னல்ல ஓடுது, பழைய கெர்னல் ஃபிளாக்கை விட்டுட்டு ஃபைலை ஓபன் பண்ணிக் கொடுத்துடும், ப்ரோக்ராம் பாதுகாப்பா இருக்கோம்னு நம்பிட்டு இருக்கும். 2013ல 3.11ல பேரில்லாத டெம்ப் ஃபைலுக்குன்னு 'ஓ-டெம்ப்ஃபைல்' வந்தப்ப இதைச் சமாளிக்க, டைரக்டரியை மட்டும் ஓபன் பண்ணுங்கிற ஃபிளாக்கோட பிட்டையும் அதுக்குள்ளயே சேத்து வச்சாங்க, ரைட் பண்ணவும் கேக்கணும்னு விதி வச்சாங்க, அப்பதான் பழைய கெர்னல் 'டைரக்டரியில ரைட் பண்ண முடியாது'ன்னு எர்ரர் கொடுக்கும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனா ஒவ்வொரு ஃபிளாக்குக்கும் இப்படி ஒரு வழி கிடைக்காது.

அதுக்குள்ள கன்டெய்னர் காலம் வந்துடுச்சு, அதாவது ஒரே கெர்னல் மேல ப்ரோக்ராம்களைத் தனித்தனியாப் பிரிச்சு ஓட்டுற காலம். கன்டெய்னருக்குள்ள இருக்கிறவன் தன் ஃபைல் சிஸ்டத்துல ஒரு சிம்லிங்க் (வேற பாத்துக்குக் கைகாட்டுற ஃபைல்) வைக்கிறான், வெளியில ரூட்டா ஓடுற ப்ரோக்ராம் ஏதோ ஒரு வேலைக்கு அந்த பாத் வழியா போகுது, சிம்லிங்க் அதை ஹோஸ்ட்டோட ஃபைலுக்கே கூட்டிட்டுப் போயிடுது. டைரக்டரியைத் தாண்டி வெளிய போகாதேன்னு சொல்ற ஒரு ஃபிளாக் வேணும்னு ஃப்ரீபிஎஸ்டியோட கேப்சிகம்ங்கிற பாதுகாப்பு வசதியைப் பாத்து 2014லயே டேவிட் டிரைஸ்டேல் பேட்ச் அனுப்பினார், அது அப்ப உள்ள போகல. பின்னாடி அலெக்ஸா சராய் கையில எடுத்து, திரும்பத் திரும்பத் திருத்தி அனுப்பி, 2020ல 5.6ல ஓபன்அட்2வா வந்துச்சு. 'ரிசால்வ் பினீத்' கொடுத்தா அந்த டைரக்டரிக்குக் கீழ மட்டும்தான், வெளிய போனா ஈ-எக்ஸ்டெவ் எர்ரர். 'ரிசால்வ் இன் ரூட்' கொடுத்தா அந்த டைரக்டரியையே ரூட்டா நினைச்சுக்கும். சிம்லிங்க்கே வேணாம், மவுண்ட் தாண்ட வேணாம், ப்ராசஸ் தகவல் தர்ற ப்ராக் டைரக்டரியில இருக்கிற மேஜிக் லிங்க் மட்டும் வேணாம்னு தனித்தனியாவும் சொல்லலாம். ரெண்டு புள்ளி வழியா மேல ஏறும்போது யாராவது பக்கத்துல ரீநேம் பண்ணி, வெளிய போகலன்னு கெர்னலால உறுதியா சொல்ல முடியலன்னா ஈ-அகெய்ன் கொடுத்து திரும்ப முயற்சி பண்ணச் சொல்லும், எப்படியோ போகட்டும்னு விடாது. இந்தக் கண்டிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

வடிவம்தான் இன்னும் முக்கியம். ஃபிளாக்ஸ், மோட், ரிசால்வ்னு மூணு 64 பிட் ஃபீல்டை ஒரு ஸ்ட்ரக்ட்ல வச்சு, ஸ்ட்ரக்டோட சைஸையும் கூடவே கொடுக்கணும், இப்போதைக்கு 24 பைட். நாளைக்கு நாலாவது ஃபீல்டு சேந்தா சைஸ் பெருசாகும். பழைய ப்ரோக்ராம் சின்ன சைஸ் கொடுத்தா கெர்னல் மீதியை ஜீரோன்னு எடுத்துக்கும், புது ப்ரோக்ராம் பழைய கெர்னல்ல ஓடினா கூடுதலா இருக்கிற பைட் எல்லாம் ஜீரோவான்னு பாத்துட்டு, ஜீரோ இல்லன்னா ஈ-டூ-பிக்னு திருப்பி அனுப்பும். தெரியாத ஃபிளாக் வந்தா ஈ-இன்வால். இப்படிச் செஞ்சிருக்கிறதால ஓபன்அட்3க்குத் தேவை சீக்கிரம் வராது. கெர்னல் பெருக்குறதா நீங்க நினைக்கிறது முதல் ரெண்டுலயும் விரிக்க இடம் விடாம போனதோட விலை, அந்த ரெண்டையும் நம்பி ஓடுற ப்ரோக்ராமை உடைக்கக் கூடாதுங்கிறது லினக்ஸ்ல மாத்த முடியாத விதி, அதனால பழசு ரெண்டும் கூடவே இருந்துதான் ஆகணும்.

கேள்வி: ஆக்சஸ் கால் வச்சு பர்மிஷன் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஓபன் பண்றோம், எங்க டீம்ல இது தப்புங்கிறாங்க. எழுதறதுக்கு ரொம்ப வசதியா இருக்கே, என்ன தப்பு? (வாசகி, கோவை)

பதில்: தப்புதாங்க. யார் ஓட்டினாலும் ரூட் பர்மிஷனோட ஓடுற செட்யூஐடி ப்ரோக்ராம்ல ஆக்சஸ் சொல்றது 'நிஜ யூசருக்கு இந்த ஃபைல் எழுத பர்மிஷன் இருக்கு'ன்னு, அடுத்த வரியில ஓபன் நடக்கும்போது அந்தப் பாத்துல வேற ஃபைல் இருக்கலாம், நடுவுல ஒரு மைக்ரோசெகண்ட் கிடைச்சாப் போதும், தாக்குறவன் பழைய ஃபைலை எடுத்துட்டு பாஸ்வேர்ட் ஃபைலுக்கு ஒரு சிம்லிங்க் வச்சிடுவான், உங்க ப்ரோக்ராம் ரூட்டா அதுல எழுதிடும். முதல்ல ஓபன் பண்ணுங்க, கைக்கு வந்த டிஸ்கிரிப்டர் மேல எஃப்ஸ்டாட் பண்ணிப் பாருங்க, இல்லன்னா ஓபன் பண்றதுக்கு முன்னாடியே யூசர் ஐடியை இறக்கிடுங்க, அப்ப கெர்னலே அதே காலுக்குள்ள பர்மிஷன் பாக்கும். புது சிஸ்டம் கால் யோசிக்கிறவங்களும் இதைத்தான் முதல்ல கேட்டுக்கணும், செக் ஒரு கால்லயும் வேலை இன்னொரு கால்லயும் இருந்தா டிசைன்லயே ஓட்டை இருக்கு.

கேள்வி: கன்டெய்னருக்குள்ள ஒரு ஸ்கிரிப்ட், ஃபைல் எக்ஸிக்யூட் பண்ண முடியுமான்னு டெஸ்ட் பண்ணா முடியாதுங்குது. எல்எஸ்ல பாத்தா பர்மிஷன் சரியா இருக்கு. ஹோஸ்ட் கொஞ்சம் பழசு, இமேஜ் புதுசு. பைத்தியமே பிடிக்குது. (சிஸ்டம் அட்மின், மதுரை)

பதில்: உங்க பர்மிஷன்ல ஒரு தப்பும் இருக்காது. ஃபேக்சஸ்அட்டுன்னு ஒரு கால், அந்த 13ல ஒண்ணு. போசிக்ஸ்படி அதுக்கு நாலு ஆர்க்யுமென்ட், கடைசி ஃபிளாக்ஸ், ஆனா லினக்ஸ் கெர்னல்ல மூணுதான் வச்சாங்க. நாலாவதை சி லைப்ரரியான க்ளிப்சி தன் பக்கத்துலயே ஸ்டாட் பண்ணி மோட் பிட்டைப் பாத்து ஒப்பேத்திட்டிருந்துச்சு, ஏசிஎல் (ஆளாளுக்குத் தனியா பர்மிஷன் பட்டியல்) போட்ட ஃபைலுக்கு அந்தப் பதில் தப்பா வரும். 2020ல 5.8ல ஃபிளாக்ஸோட ஃபேக்சஸ்அட்2 வந்துச்சு, 2021 தொடக்கத்துல க்ளிப்சி 2.33 அதை முதல்ல கூப்பிட்டுப் பாத்துட்டு, 'அப்படி ஒரு கால் இல்ல'ன்னு ஈ-நோசிஸ் வந்தா பழைய வழிக்குப் போற மாதிரி மாத்தினாங்க.

சிக்கல் எங்கன்னா கன்டெய்னரோட செக்காம்ப் ஃபில்டர்ல, எந்தெந்த சிஸ்டம் காலை அனுமதிக்கலாம்னு பட்டியல் வச்சிருக்கிறது அதுதான். தன் பட்டியல்ல இல்லாத எண் வந்தா அது ஈ-நோசிஸ் கொடுக்காம ஈ-பெர்ம் கொடுக்கும். க்ளிப்சி என்ன நினைக்கும், கெர்னல் பாத்துட்டு அனுமதி இல்லன்னு சொல்லிடுச்சுன்னு, பழைய வழிக்கே போகாது. அதான் உங்க டெஸ்ட் பொய் சொல்லுது. கன்டெய்னரை ஓட்டுற ரன்சியையும் ஃபில்டருக்கான லைப்ரரி லிப்செக்காம்ப்பையும் புதுசாக்கினா சரியாயிடும், பட்டியலைவிடப் புதுசான எண்ணுக்கு ஈ-நோசிஸ் திருப்புற மாதிரி ரன்சில திருத்திட்டாங்க. யாராவது 'எதுக்கு வம்பு, செக்காம்ப்பை ஆஃப் பண்ணிடு'ன்னு சொன்னா கேக்காதீங்க.

ஒரு ஃபிளாக்ஸ் ஆர்க்யுமென்டை 2006ல விட்டதுக்கு 15 வருஷம் கழிச்சு உங்க ஸ்கிரிப்ட் நிக்குது பாருங்க. எஃப்சிமோட்அட்லயும் இதே கதைதான், எஃப்சிமோட்அட்2 2023லதான், 6.6ல வந்துச்சு.

கேள்வி: ஃபைல்ல எந்த ஆஃப்செட்லேர்ந்து வேலை ஆரம்பிக்கணும்னு 64 பிட் எண்ணா ஒரு ஆர்க்யுமென்ட் வச்சேன். பிசில சரியா ஓடுது, பழைய 32 பிட் ஆர்ம் போர்டுல குப்பை மதிப்பு வருது, ஏன்? (எம்பெடட் இன்ஜினியர், பெங்களூரு)

பதில்: 32 பிட்ல அந்த எண் ரெண்டு ரெஜிஸ்டரா உடையும், ஆர்ம்ல அந்த ஜோடி இரட்டைப்படை ரெஜிஸ்டர்லதான் ஆரம்பிக்கணும், அதனால நடுவுல ஒண்ணு வீணாப் போகும், ஆறு ரெஜிஸ்டர் எல்லையும் சீக்கிரம் தீந்துடும். சிங்க் ஃபைல் ரேஞ்சுக்கு இதனாலேயே ஆர்க்யுமென்ட் வரிசையை மாத்தி சிங்க் ஃபைல் ரேஞ்ச்2ன்னு தனியா ஒண்ணு வைக்க வேண்டியதாச்சு. காப்பி ஃபைல் ரேஞ்ச்ல ஆஃப்செட்டை பாயிண்டராத்தான் வாங்குறாங்க, நீங்களும் அப்படியே பண்ணிடுங்க.

கேள்வி: என்கிட்ட நிஜமாவே ஒரு புது ஃபைல் சிஸ்டம் காலுக்கு யோசனை இருக்கு, எங்க ஸ்டோரேஜ் வேலையில தினமும் தேவைப்படுது. மெயின்லைன் கெர்னல்ல சேப்பாங்களா? எப்படி அனுப்புறது? (வாசகர், திருச்சி)

பதில்: சேப்பாங்க, ஆனா பொறுமை வேணும். ஃபைல் உருவான நேரத்தைக் கேக்கறதுக்கு ஒரு கால் வேணும்னு டேவிட் ஹோவெல்ஸ் எக்ஸ்ஸ்டாட்டுன்னு 2010ல பேட்ச் அனுப்பினார், ஸ்டாட்எக்ஸ்ங்கிற பேருல 2017ல 4.11லதான் உள்ள போச்சு. அந்த ஏழு வருஷம் வீண் இல்லங்க. எந்தெந்த ஃபீல்டு வேணும்னு கேக்கிறவன் மாஸ்க்ல சொல்லணும், எதெல்லாம் கிடைச்சுதுன்னு கெர்னல் திரும்ப மாஸ்க்ல சொல்லும், 256 பைட் ஸ்ட்ரக்ட்ல பின்னாடி நிறைய காலி இடம், நேரத்துக்கு 64 பிட், அதனால 32 பிட் நேரம் 2038ல நிரம்பி வழியிற பிரச்சினை அங்க கிடையாது. அந்தக் காலி இடத்துலதான் அப்புறம் மவுண்ட் ஐடி, டைரக்ட் ஐஓவுக்கான அலைன்மென்ட் எல்லாம் ஒரு புது காலும் இல்லாம ஏறிச்சு.

முதல்ல உங்களுக்கு நிஜமா சிஸ்டம் கால்தான் வேணுமான்னு பாருங்க. ஓபன் ஆன டிஸ்கிரிப்டர் மேல ஒரு சின்ன குணத்தை மாத்தறதுன்னா எஃப்சிஎன்டிஎல்ங்கிற இருக்கிற கால்லயே ஒரு கமாண்ட் போதும், மெமரியிலேயே இருக்கிற ஃபைலான மெம்எஃப்டிக்கு சீல் வைக்கிறதை அப்படித்தான் பண்ணாங்க. ஒரே ஒரு ஃபைல் சிஸ்டத்துக்கு மட்டும்னா ஐஆக்டல் கால்ல ஒரு கமாண்ட் போதும். பாத்தையே தொடணும், எல்லா ஃபைல் சிஸ்டத்துக்கும் பொதுவா வேணும்னா அப்ப சிஸ்டம் கால் சரி.

அனுப்பும்போது ஒரே பேட்சா அனுப்பாதீங்க, காலோட கோடு ஒண்ணு, டேபிள்கள்ல எண்ணைக் கோக்கறது ஒண்ணு, செல்ஃப்டெஸ்ட் ஒண்ணுன்னு பிரிங்க. சிஸ்டம் கால் எண் 424லேர்ந்து எல்லா ஆர்க்கிடெக்சருக்கும் ஒரே எண்தான், ஓபன்அட்2 எங்க போனாலும் 437, ஆல்ஃபா மட்டும் விலக்கு. நீங்க போடுற எண்ணை வேற ஒருத்தர் முந்திக்கலாம், மெர்ஜ் ஆகிற நேரத்துல மாறும், அதனால அதுவரைக்கும் அந்த எண்ணை நம்பி ப்ரோக்ராம் எதையும் வெளியிடாதீங்க. கான்ஃபிக்ல அணைக்கக்கூடியதுன்னா 'சிஸ் நி' ஃபைல்லயும் ஒரு வரி, அப்பதான் இல்லாத இடத்துல ஈ-நோசிஸ் வரும். புது டிஸ்கிரிப்டர் கொடுக்கிற கால்னா க்ளோஸ்-ஆன்-எக்ஸெக் (வேற ப்ரோக்ராமை ஓட்டும்போது டிஸ்கிரிப்டர் தானா மூடிக்கிறது) கேக்க வழி கட்டாயம் வையுங்க, இல்லன்னா ஓபன் ஆகிறதுக்கும் தனியா எஃப்சிஎன்டிஎல் பண்றதுக்கும் நடுவுல இன்னொரு த்ரெட் ஃபோர்க் பண்ணிட்டா அந்த டிஸ்கிரிப்டர் சம்பந்தமே இல்லாத ப்ரோக்ராம் கைக்குப் போயிடும். எஃப்எஸ்டெவெல் மெயிலிங் லிஸ்டுக்கும் லினக்ஸ்-ஏபிஐ மெயிலிங் லிஸ்டுக்கும் காப்பி போடுங்க, மேன் பேஜ் வரைவையும் கூடவே வையுங்க. மேன் பேஜை கோடுக்கு முன்னாடி எழுதிப் பாருங்கன்னு நான் கெஞ்சிக் கேக்கறேன், எந்த எர்ரர் எப்ப வரும்னு சாதாரண வார்த்தையில எழுத முடியலன்னா டிசைன் இன்னும் முடியலன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கெர்னல் சோர்ஸ்ல டாக்குமென்டேஷன் ஃபோல்டருக்குள்ள ப்ராசஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அங்க சிஸ்டம் கால் சேர்க்கிறதுக்குன்னே ஒரு கையேடு வச்சிருக்காங்க. அதைப் படிச்சுட்டு செல்ஃப்டெஸ்ட்ஸ்ல ஓபன்அட்2 ஃபோல்டரைத் திறங்க. அந்த டெஸ்டுகளை ஓட்டிப் பாத்துட்டு உங்க காலுக்கும் அதே மாதிரி எழுதுங்க, முதல் கேள்வியே 'டெஸ்ட் எங்க'ன்னுதான் வரும்.